ஸ்டெல்லாவுக்கு ஒரு செண்டு

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குப் பரிசு வாங்குகிறவன், அதை அவள் கையில் கொடுக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அதிலும் மலைமேல் இருக்கிற வீட்டுக்குப் போன் போட்டு, அரைகுறை சிக்னலில், அந்தப் பரிசைப் பற்றிப் பெருமை பேசவே கூடாது. நான் பேசினேன். அதன் பலனாக ஒரு நல்ல மனிதரை இரண்டு வாரம் தூங்கவிடாமல் செய்தேன், என் கல்யாணத்தையும் நிற்கிற நிலைக்குக் கொண்டுபோனேன்.

அப்போது நான் வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் சூப்பர்வைசர். (சூப்பர்வைசர் என்றதும் ஏசி அறையை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊறுகிற தோலுக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் நடுவே காதில் பேனா செருகிக்கொண்டு நடக்கிறவன், அவ்வளவுதான்.) அந்த வாடை உடம்பில் ஏறினால் லேசில் இறங்காது. எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார். எனக்கு அது பழகிவிட்டது. என் மூக்கு எப்போதோ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டது.

ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க ஜவ்வாது மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்குப் போனபோதுதான் கவலை பிடித்துக்கொண்டது. எனக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா டீ கொண்டுவந்து கொடுத்தாள், என்னைப் பார்த்தாள், சட்டென்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போச்சு, தோல் வாடை அடித்துவிட்டது என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையில் அவளுக்கு அன்றைக்கு ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்திருந்ததால்தான் அவள் சம்மதம் சொன்னாள் என்பது இன்றுவரை என் அம்மாவின் கட்சி.

சம்மதம் வந்தது, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தார்கள். மே மாதம் ஐந்தாம் தேதி, பெண் வீட்டில். இந்தத் தடவை மணக்க மணக்கப் போய் நிற்பது என்று நான் முடிவு செய்தேன். எனக்கும் வாசனை, அவளுக்கும் பரிசு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வாணியம்பாடி கடைத்தெருவில் அத்தர், செண்டு விற்கிற ஒரு பாய் கடைக்குப் போனேன்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒரு தடவை மூச்சு இழுத்தார், எந்தக் கம்பெனியில் வேலை என்பதைச் சரியாகச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, ஒரு அட்டைத் துண்டில் அடித்து நீட்டினார்.

"இது வெள்ளப் பூ செண்டு தம்பி. மல்லி, சம்பங்கி, ஆரஞ்சுப் பூ, எல்லாம் ஒண்ணா உள்ள கீது. ரோஜா செண்டு வெக்கப்படும், கிட்ட வந்தாதான் பேசும். இது அந்த ஜாதி இல்ல. ரூம்ல லைட்டு போட்ட மாதிரி இருக்கும்."

முகர்ந்து பார்த்தேன். ஓய்வில் இருந்த என் மூக்கே எழுந்து உட்கார்ந்தது. முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினதுபோல் ஒரு பளிச். அது அடங்குவதற்குள் மல்லி, கூடை கூடையாக. அதற்குப் பின்னால் சம்பங்கி, வெண்ணெய்போல் வழவழவென்று. கடைசியில் அப்போதுதான் துவைத்துக் காயவைத்த வெள்ளை வேட்டியின் சுத்தம். கல்யாண மண்டபத்தையே மடித்துப் பாட்டிலில் அடைத்த மாதிரி இருந்தது.

"ரொம்ப நேரம் நிக்குமா பாய்?"

"போன்னு சொன்னாலும் போவாது. அது ஒண்ணுதான் இதோட கொணம். வெள்ளப் பூவுக்குக் காட்றதுக்கு வேற கலர் இன்னா இருக்குது? அதான் வாய் ஜாஸ்தி. இத அடிச்சிகினு எங்கியும் ஒளிஞ்சி நிக்க முடியாது."

சின்ன பாட்டிலும் இருந்தது. நான் நூறு மில்லி பாட்டிலாகவே வாங்கினேன். இந்த நூறு பின்னால் என்னைக் கவிழ்க்கப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கினதும் கை சும்மா இருக்கவில்லை. ஸ்டெல்லா வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவளுடைய அம்மா, என் வருங்கால அத்தை. அங்கே சிக்னல் வேண்டுமென்றால் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் ஏறி நிற்கவேண்டும். அத்தை ஏறி நின்றார். நான் சொன்னது இது:

"அத்த, அஞ்சாந்தேதி வர்றப்போ ஸ்டெல்லாவுக்கு நல்ல செண்டு ஒண்ணு எடுத்துகினு வர்றேன். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. இது கூட இல்லன்னா எப்டி?"

பாறைமேல் நின்ற அத்தைக்குக் கேட்டது இது:

"அத்த, அஞ்சா... செண்டு... எடுத்துக்... வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. இது கூட இல்லன்னா எப்டி?"

பாழாய்ப்போன சிக்னல் கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் மணிமணியாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

இங்கே ஸ்டெல்லாவின் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தோணி மாமா. அடிவாரத்திலிருந்து பிழைக்கப் போய், புதூர்நாட்டில் ஜீப் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டவர். டீ ஆற்றிச் சேர்த்ததில் ஒவ்வொரு செண்டாக நிலம் வாங்கினார். ஒரு நல்ல வருஷத்தில் இரண்டு செண்டு, மழை பொய்த்த வருஷத்தில் ஒன்றும் இல்லை. அப்படிச் சேர்ந்த துண்டு நிலத்தில்தான் சாமை விதைத்து, இரண்டு பலாமரம் வைத்திருந்தார். அந்த வீட்டில் செண்டு என்றால் நிலம்தான். வாசனைக்கு அவர்களிடம் பூ இருந்தது, பவுடர் இருந்தது, அதற்குமேல் தேவைப்படவில்லை. மலைக்கே ஜவ்வாது என்று பேர் இருக்கும்போது பாட்டிலில் எதற்கு?

ஆக, மாப்பிள்ளை அஞ்சு செண்டு நிலம் கேட்கிறார், இல்லையென்று சொல்லவும் கூடாதாம் என்று அத்தை பாறையிலிருந்து இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கிறார். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். பெண் பார்க்க வந்தபோது "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க, பொண்ணு மட்டும் போதும்" என்று என் அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் அவர் சரி என்றிருந்தார். இருந்தாலும், நிச்சயம் நின்றுபோனால் பெண் பேர் கெட்டுப்போகுமே என்ற பயம். உறுதி செய்துகொள்ள என் அம்மாவுக்கே போன் போட்டிருக்கிறார்.

"உங்க பையன் செண்டு வேணும்னு கேக்கறாரும்மா" என்றிருக்கிறார்.

எழுதினால் சென்ட், வாயில் வந்தால் செண்டு. அதற்கு வாசனை, நிலம் என்று இரண்டு அர்த்தம்தான் என்று நான் நினைத்திருந்தேன். என் அம்மாவிடம் மூன்றாவது ஒன்று தயாராக இருந்தது. எங்கள் மாதா கோயில் கல்யாணங்களில் பெண் கையில் பூச்செண்டு பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். அந்தச் செண்டை வாங்குவது பெண் வீட்டார் பொறுப்பு.

"ஆமாங்க, செண்டு இல்லாம கல்யாணமா?" என்றிருக்கிறார் என் அம்மா. "அது பொண்ணு வூட்லதான் குடுக்கணும், நம்ம வழக்கம் அதுதான? பாத்து நல்லதா குடுங்க. ரொம்ப சின்னதா இருந்தா நாலு பேர் சிரிப்பாங்க."

இதற்குமேல் ஒரு தகப்பன் என்ன செய்வான்? போனை வைத்துவிட்டார்.

ஐந்தாம் தேதி காலையில் திருப்பத்தூரில் ஷேர் ஜீப் ஏறினோம், அம்மாவும் நானும். கிளம்புமுன் என்மேல் இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு. அக்குளுக்கு இரண்டு. (பெண்கள் செண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.) மீதியைப் பாட்டிலோடு துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளைப் பூவின் குணம் கொண்டை ஊசி வளைவுகளில்தான் முழுதாகத் தெரிந்தது. கீழே வெயிலில் எனக்குள் இருந்த தோல் வாடையும் எழுந்து வந்து, மல்லியோடு கைகோத்துக்கொண்டது. செத்த மாட்டுக்கு மாலை போட்டது மாதிரி ஒரு வாசனை. பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்த ஜீப். முதல் வளைவில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்தார். அடுத்ததில் ஒருவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய்க் குனிந்தார். எலுமிச்சம்பழம் கைமாறிக் கைமாறி வந்தது.

"ஜீப்புக்குள்ள யாருய்யா கல்யாணம் பண்றது?" என்றார் டிரைவர்.

"எம் பையன்தாங்க, இன்னிக்கி நிச்சயம்" என்றார் அம்மா பெருமையாக. என்னை மேலே கேரியரில் சாக்குமூட்டைகளோடு உட்காரவைத்துத்தான் மீதி வழியை ஓட்டினார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் அப்படிப் போன ஆள் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

வீட்டில் வரவேற்பு ஒரு மாதிரி இருந்தது. அத்தை கண் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார், உடனே கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். ஸ்டெல்லா உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை. மாமா என் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர் வர்றதுக்கு நேரம் கீது. அதுக்கு முன்னாடி அந்த செண்டு சமாசாரத்த பேசிடலாம் மாப்ள."

அத்தை சொல்லிவிட்டாரா, ரகசியம் போச்சே என்று எனக்குச் சின்ன ஏமாற்றம். "பேசறதுக்கு இன்னா கீது மாமா, சின்ன விஷயம்தான?" என்றேன்.

"சின்ன விஷயமா?" மாமா நிமிர்ந்தார். "சரி. எவ்ளோன்னு உங்க வாயால முடிவா சொல்லிடுங்க."

"நூறு மாமா."

அவர் குடித்த தண்ணீர் புரையேறியது. அத்தை ஓடிவந்து தலையில் தட்டினார்.

"நூறா? அஞ்சுன்னு தான சொன்னீங்க?"

"அஞ்சு எந்த மூலைக்கு மாமா?" என்றேன் நான், வாரி வழங்குகிற வள்ளல் மாதிரி கையை விரித்து. "எடுத்தா ஒரேயடியா நூறா எடுத்துடணும். மல்லி, சம்பங்கி எல்லாம் அதுலியே கீது. ஸ்டெல்லாவுக்குன்னு பேரு, நானும் அப்பப்போ எடுத்துக்குவேன்."

மாமா எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "நூறுக்கு நான் எங்க போவேன்? என்னால ஆனத காட்றேன், வாங்க" என்று முன்னால் நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். துணிப்பை என் தோளில் ஆடியது.

வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் ஒரு மூலையில் நான்கு புதுக் குச்சிகள் நட்டு, சணல் கயிறு கட்டியிருந்தார். கயிற்றுக்குள்ளே பெரிய பலாமரம், அடிமரத்திலிருந்து பழம் பழமாக. அன்று விடியற்காலையில் அவரே தனியாக அஞ்சு செண்டு அளந்து கட்டியதாம். எனக்கு எங்கே தெரியும்? பழம் பறிக்க வசதியாக ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இவ்ளோதான் மாப்ள. இந்த மரத்தோட சேத்துதான். புடிச்சிருக்குதா?" என்றார், கயிற்றைத் தொட்டபடி.

"ரொம்ப புடிச்சிருக்கு மாமா."

"அப்போ எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே அறுத்துக் கீழே வைத்திருந்ததில் பெரிய பலாப்பழமாகப் பார்த்து, பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கட்டித் தூக்கினேன். "இந்த ஒண்ணு போதும் மாமா" என்று சிரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டார் பாவம்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். நிச்சயப் புடவை கட்டியிருந்தாள், தலையில் பூ இல்லை, அழுத முகம். நேராக என் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, எங்கப்பா டீ ஆத்தி ஆத்தி வாங்கின நெலம் இது. பொண்ணு மட்டும் போதும்னு சொல்லிட்டு, இப்போ செண்டு கேக்கறீங்க. அதுலயும் நூறு! எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நீங்க கெளம்புங்க."

என் கை தானாக விட்டுவிட்டது. பலாப்பழம் நேராகப் போய்ப் பைமேல் விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

எனக்காகப் பேசினது அந்தச் செண்டுதான். மீதி இருந்தது அத்தனையும் பையை நனைத்துக்கொண்டு மண்ணில் இறங்கி, மலைக்காற்றில் ஒரே மூச்சில் எழுந்தது. எலுமிச்சை வந்தது, மல்லி வந்தது, சம்பங்கி வந்தது. பட்டப்பகலில் பலாமரத்தடியில் ஆயிரம் வெள்ளைப் பூ ஒன்றாகப் பூத்த மாதிரி. ஸ்டெல்லா அழுகையை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தாள். இந்தத் தடவை அவளுக்கு ஜலதோஷம் இல்லை.

"இன்னா வாசன இது?" என்றாள்.

"செண்டு" என்றேன். "உனக்குத்தான். நூறு மில்லி. அத்த கிட்ட போன்ல சொன்னது இதுதான்."

மாமா குனிந்து, பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார்.

"இந்த செண்டா?"

"இந்த செண்டுதான் மாமா."

என் அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "அப்போ யாருமே பூச்செண்டு பத்திப் பேசலியா?"

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டியது நான்தானா என்றுகூடத் தெரியவில்லை, கேட்டேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் மாப்ள" என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து. "பொண்ணுக்காகக் குடுத்திருப்பேன். ஆனா சாவுற வரைக்கும் உங்க மொகத்த பாத்திருக்க மாட்டேன்."

ஒரு போன் பேச்சு, ஒரு சிக்னல். அந்தப் பழம் மட்டும் ஓரடி தள்ளி விழுந்திருந்தால் நான் மலை இறங்கியிருப்பேன், ஸ்டெல்லா என்னைப் பேராசைக்காரன் என்றே நினைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பாள். நானும் மாமாவுமாகச் சேர்ந்து அந்தக் குச்சிகளைப் பிடுங்கினோம். ஸ்டெல்லா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டில் எனக்கு அவள்மேல் இன்னும் இரண்டு பங்கு பிரியம் வந்தது. ஃபாதர் வந்தவர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து, "அடேயப்பா, அலங்காரமெல்லாம் பலமா இருக்கே! பூ எங்கே?" என்று கேட்டார். என் அம்மாதான் கொல்லைப்புறத்தைக் கைகாட்டினார்.

அந்த வாசனை அங்கேயே தங்கிவிட்டது. முதல் மழை வந்தும் போகவில்லை என்று அத்தை போனில் சொன்னார். கல்யாணத்துக்கு ஸ்டெல்லா பிடித்த பூச்செண்டை மாமா நேரில் போய்த் தேர்ந்தெடுத்தார். அதை இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடிந்தது. நாலு பேர் சிரிக்கக் கூடாதல்லவா? அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் செண்டு என்று வாய் திறந்தாலும், "அடிக்கிறதா, அளக்கிறதா, புடிக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டுதான் மேலே பேசுவார்கள்.

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எல்லோரும் புதூர்நாட்டில் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் மாமா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பலாமரத்தைச் சுற்றி மறுபடியும் குச்சியும் கயிறும்.

"அந்த அஞ்சு செண்ட ஸ்டெல்லா பேருக்கு எழுதிட்டேன்" என்றார்.

"மாமா, கர்த்தர் சாட்சியா நான் கேக்கவே இல்ல!"

"தெரியும் மாப்ள. நீங்க கேக்கலன்னுதான் குடுத்தேன்."

அவர் டீ போடப் போய்விட்டார். என் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டே குழந்தையோடு பின்னால் வந்து நின்றாள் ஸ்டெல்லா.

"இன்னாங்க அப்டி பாக்கறீங்க? நெலம் என்னுது. வேணும்னா அப்பப்போ வந்து வாசன புடிச்சிட்டுப் போங்க."

பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவள் முதலில் சொல்வது இதைத்தான்: மலையில் அஞ்சு செண்டு இருக்கிறது, அதில் இவருக்குப் பங்கு வாசனை மட்டும்தான்.